மிதிபலகை

எக்ஸ்ரேயை யன்னலுக்கு நேரே பிடித்து
"இருபத்தெட்டு வயதுக்கு இந்த இடுப்பு
கொஞ்சம் முந்திக்கொண்டுது" என்றார் டொக்டர்.
பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில்
இருக்கவேண்டிய கறுப்புக் கோடு இல்லை.
எலும்பை வெட்டி எறியமாட்டாராம்;
தலையைச் சீவி ஓர் உலோகத் தொப்பி,
குழிக்குள் ஓர் உலோகச் சிரட்டை.
விளங்கின மாதிரித் தலையாட்டினேன்.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
சேந்தன் அண்ணைதான் விளங்கப்படுத்தினார்:
"டயரை எறியாமல் றீபில்ட் அடிக்கிறதடா.
உள்நூல் நல்லாயிருந்தால் இன்னும் ஓடும்."

எட்டு வருசம்
பருத்தித்துறை பஸ்ஸின் மிதிபலகையில்
ஒரு கால் உள்ளே, ஒரு கால் காற்றில்.
அதனால் வந்ததல்ல என்றார் டொக்டர்,
பிறக்கும்போதே குழி ஆழமில்லை.
அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா
என்னைச் சுமந்த மாதங்களை
ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருந்தா.

மூன்று கிழமை முன்பே
வீட்டை உயர்த்தத் தொடங்கினோம்.
கட்டில் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல்.
கொமட்டுக்கு மேலே வைக்கிற பிளாஸ்டிக் வளையத்தைக்
கோண்டாவிலில் ஒருவர் தந்தார்.
"அப்பாவின்ரை. நல்லாக் கழுவினது" என்றார்,
இரண்டு தரம்.
தங்கச்சி மிதுஷா கிணற்றடிப் பாசியை உரஞ்சினாள்.
கனடாவிலிருந்து மாமி:
"பொம்பிளை பாக்கிற நேரம்.
ஒருத்தருக்கும் வாய் திறக்காதேங்கோ."
அடுத்த நாளே ஊன்றுகோல்களோடு
ஒழுங்கையில் நடந்து பழகினேன்.

"ஷெல்லோ, தம்பி?"
சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக் கேட்டார் ஒருவர்.
"இல்லை, தேய்மானம்."
"ஓ" என்று மிதித்துப் போனார்.
ஏதோ மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது எனக்கு.

பெரியாஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அருமைத்துரை,
சலரோகக் காலோடு வந்தவர்.
சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்து வைப்பதைப்
பார்த்திருந்துவிட்டுத் தோளைத் தொட்டுக் காட்டினார்:
"என்னட்டையும் இரும்பு கிடக்கு.
கையெழுத்துக் கேக்காமல் வந்தது."
பிறகு, பாணோடு வந்த பட்டர் எனக்கு வேண்டாமென்றால்
தனக்குத் தரச்சொன்னார்.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்,
கராஜில் புஷ் அடித்து இறக்குகிற மாதிரி.
யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்கள்.
எவ்வளவு என்று எனக்கும் அறிய ஆசை.

மறுநாள் காலை பிசியோ ஜெறோம்:
"எழும்பும்."
பதினொரு தரை ஓடு நடந்தேன்.
பன்னிரண்டாவதில் சத்தி எடுத்தேன்.

வீட்டில் சித்திரை வெய்யில்.
தொடை வரைக்கும் இறுக்குகிற வெள்ளைக் காலுறை.
கரண்ட் இல்லை.
வயிற்றில் ஊசி போடுவது மிதுஷா,
கண்ணை மூடுவது நான்.
தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கக்கூடாது,
கால் மேல் கால் போடக்கூடாது,
தொடைகளுக்கு நடுவில் தலையணை வைத்துத் தூக்கம்,
அதற்குப் பெயர் தூக்கமென்றால்.

இரண்டாம் கிழமை, சேட்டுப் பையிலிருந்து
ஒரு குற்றிக்காசு விழுந்து
கட்டிலுக்குக் கீழே உருண்டது.
எத்தனை பேருடைய கால்களுக்கிடையில்
ஓடுகிற பஸ்ஸில் குனிந்து பொறுக்கியவன் நான்.
"எடுக்காதை" என்றேன் மிதுஷாவிடம்.
ஐந்து ரூபாயாய் இருக்கவேண்டும்.
தும்புத்தடி அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டியது.

ஆடி முடிய,
ஆரும் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்தேன்.
இரண்டு ரூபா.

சேந்தன் அண்ணை ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடித்தார்.
ஏறேக்கை நல்ல கால், இறங்கேக்கை மற்றது:
ஜெறோம் ஓதிய மந்திரம்.
மிதிபலகையில் புதுப் பெடியன்; என்னைத் தெரியாது.
தாளை நீட்டினேன்.
"மிச்சம் இறங்கேக்கை தாறன்" என்றான்.
அந்தப் பொய்யை நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன்.

நெல்லியடியில் எழும்பிக் கம்பியைப் பிடித்தேன்.
தொப்பி போட்ட காலை முதலில் இறக்கினேன்.
பஸ் முழுதாக நின்றிருந்தது.
எட்டு வருசத்தில்
ஒருத்தருக்கும் நான் அப்படி நிறுத்துவித்ததில்லை.