ஆறாவது பின்

இரவு பதினொன்றேகாலுக்கு அழைப்பு.
சாவி உள்ளே மாட்டிக்கொண்டது, சீக்கிரம் வா என்றது குரல்.
லெம்பா பந்தாய், பி பிளாக், பதினான்காவது மாடி.
லிஃப்ட் ஓரத்து ஸ்டிக்கரில் எண்ணைப் பார்த்தானாம்.
போன செவ்வாய்க்கிழமை நான் ஒட்டியது.
அன்றைக்கும் இதே மாடிக்குத்தான் வந்திருந்தேன்.

லிஃப்ட் எட்டோடு நின்றுவிட்டது.
மிச்சத்தைப் பையோடு ஏறினேன்.

"பொம்பளையா?" என்றான்.
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்,
ஆம்பளை யாராவது படியேறி வருகிறானா என்று.

ஐசி கேட்டேன். அதைப் பார்க்காமல் பையைத் திறப்பதில்லை.
பெயர் குணாளன்.
இதே பிளாக், இதே மாடி, இதே கதவு எண்.
எழுத்துப்படி அவன் வீடு.

பூட்டு நான் போட்டது.

அன்று அவள் கதவைப் பாதி திறந்து
பாதியிலேயே நின்று பேசினாள்.
இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.
கையிலிருந்ததை எண்ணிவிட்டு, எண்பது வெள்ளிக்கு
என்ன கிடைக்குமோ அது போதும் என்றாள்.
நூற்றைம்பது வெள்ளி சிலிண்டரைப் போட்டேன்.
ஆறு பின். நான்குக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும்.
திறந்துவிட்டதாய்க் கொஞ்சம் திரும்பிக் காட்டி
அங்கேயே பிடித்துக்கொள்ளும் ஜாதி.
கிரில்லுக்கு ஒரு பெரிய மங்கா.
மலாயில் பழமும் மங்கா, பூட்டும் மங்கா.
அவள் மகள் அதைச் சொல்லிச் சிரித்தாள்,
சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த மங்கா இப்போது தரையில் கிடந்தது,
வளையம் இரண்டாய்.
சாவியை மறந்தவன் கட்டர் கொண்டுவருவதில்லை.

முடியாது, போ என்று சொல்லலாம்.
சொன்னால் கீழே இன்னும் ஆறு ஸ்டிக்கர் இருக்கிறது.
அதில் ஒருத்தன் ஐசிகூடக் கேட்க மாட்டான்.

மண்டியிட்டேன்.
வாயில் டார்ச். இடது கையில் டென்ஷன் கம்பி,
பூவைத் தாங்குகிற அளவுக்கு மட்டும் அழுத்தம்.
கதவின் கண்துளையில் வெளிச்சம் இருந்தது.
பிறகு இல்லை.
ஓர் இமையின் அகலம் நகர்ந்து வந்து நின்றிருந்தது.

முதல் பின் உட்கார்ந்தது.
மூன்றாவது. ஐந்தாவது.
இரண்டாவது ஏமாற்றியது, விட்டுப் பிடித்தேன்.
நான்காவதும் உட்கார்ந்தது.
இந்த விரல்களுக்குப் பதினேழு வருடப் பழக்கம்.
யாருக்காகத் திறக்கிறோம் என்று அவை கேட்பதில்லை.
பூட்டு வழிவிடப்போகும் நேரம்
உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு வரும்.
வெட்கமாயிருக்கிறது சொல்ல, அது வந்தது.

ஆறாவதைத் தொட்டேன்.
கம்பியை விட்டேன்.

சில்லறை உதிர்ந்த மாதிரி
ஐந்தும் விழுந்த சத்தம்,
கதவின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்.

இன்னொரு முறை. இன்னொரு முறை.
நாற்பது நிமிடம் தோற்றேன்.
வேர்வை மட்டும் நிஜம்.
கம்பி ஒன்றை வேண்டுமென்றே வளைத்து
அவன் பார்க்கும்படி வைத்தேன்.
"இது திறக்கிற பூட்டு இல்லை அண்ணே.
எவன் வந்தாலும் துளைக்கத்தான் வேணும்.
துளைக்க ஆபீஸ் கடிதம் கேப்பாங்க. காலையிலதான்."

"பொம்பளைய பாத்ததுமே நெனச்சேன்,
இது ஆவாதுன்னு."
அவ்வளவு சுலபமாய் நம்பினான்.
என் பையில் இல்லாத கருவி அது,
அவனே கொண்டுவந்திருந்தான்.

கூலி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

லிஃப்ட் ஓரத்தில் நின்று
தட்டையான கம்பியால் ஸ்டிக்கர்களைச் சுரண்டினேன்.
ஆறையும், பிறகு என்னுடையதையும்.
ரசீதுப் புத்தகத்தில் அவள் எண் இருந்தது.
சிறுமிதான் எடுத்தாள். மூச்சு மட்டும்.
"பூட்டுக்கார அக்கா. உள்தாழ்ப்பாள் போட்டாச்சா?
அம்மாகிட்டே சொல்லு, போலீசுக்கு நான் அடிக்கிறேன்."
"அக்கா, மங்கா போச்சா?"
"போச்சு."

கீழே வந்து மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து
சங்கிலியைக் கழற்றினேன், பழுதில்லாத சங்கிலியை.
மேலே பதினான்கில் ஒரு சிகரெட் நெருப்பு
இன்னும் போகவில்லை.
சங்கிலியைத் திரும்ப மாட்டினேன்.
மறுபடியும் கழற்றினேன்.