ஒன்றரை மூடி

குறும்பனைக்குத் திரும்பும் வளைவில்
தார்ப்பாய் போட்ட ஃபைபர் யார்டு.
பதினோரு கிலோ ரெசின், ஒரு நீல வாளி.
கோபால்ட் முதலில்.
ஊதாக் கோடு கலங்கிக் காணாமல் போகும்வரை கிளறு,
பிறகுதான் மற்றது.
இரண்டையும் நேருக்கு நேர் ஊற்றாதே என்று
சுவரில் கரியால் எழுதியது நான்தான்,
ததேயுஸ் அண்ணனின் புருவம் பொசுங்கிய மறுநாள்.

"கேட்டலிஸ்ட்ட எடு, ஜெர்லின்."

அது கேட்டலிஸ்ட் இல்லண்ணே.
மூன்று வருடம் வேதியியல் படித்த வாய் சும்மா இருக்காது.
கேட்டலிஸ்ட்டுன்னா வேல முடிஞ்சு
போனபடியே திரும்பி வரணும்.
வேணும்னா கோபால்ட்ட அப்படிக் கூப்பிடுங்க.
இது தொடக்கி.
கோபால்ட் தொட்டதும் முறியும்.
முறிந்த துண்டு, ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரானோடு,
முதலில் அகப்பட்டதன் கையைப் பிடிக்கும்.
பிடிபட்டது அடுத்ததை,
அது அடுத்ததை.
சங்கிலி எவ்வளவு நீண்டாலும்
அதன் ஒரு நுனியில்
ஒடிந்த துண்டு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.
திரும்பி வராது.

அவர் ரோலரைத் துடைத்தபடி கேட்டிருந்தார்.
"சரி. திரும்பி வராதத எடு."

மாசி வெயிலுக்கு, கிலோவுக்கு முக்கால் மூடி.
சாரலுக்கு ஒன்றரை.
அன்று ஆனிச் சாரல், ஒன்றரை ஊற்றினேன்.
தடைக்காலம் முடிவதற்குள் வள்ளம் இறங்கியாக வேண்டும்.
பாதி மேட் ஒட்டவில்லை, மேகம் கிழிந்து
வெயில் நேரே வாளிக்குள் விழுந்தது.
முதலில் ஓரம் கட்டிதட்டியது.
அப்புறம் சூடு. அப்புறம் புகை.
ஸ்டைரீன் நெடியில் கண் எரிய
பிரஷ் நட்டுக்க நின்றது,
பலபடிக்குள் பிடிபட்ட ஒரே மரம்.
இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.
அண்ணன் திட்டவில்லை, வாளியை
ஈரமணலுக்கு உதைத்தார்.
அந்தக் கட்டிதான் இப்போது
மேசையில் பில்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வள்ளம் இறங்கிய அன்று
பங்குத்தந்தை தெளித்தார், முதலாளி மகள் ரிப்பன் வெட்டினாள்,
தொடங்கி வைத்தவர்கள் பெயரை
மைக்கில் இரண்டு தடவை வாசித்தார்கள்.
நான் அணியத்தில் கைவைத்துப் பார்த்தேன்.
நகத்துக்கு மசியவில்லை.

அன்றிரவு ரசீது எழுதும்போது
கேட்டலிஸ்ட் என்பதை அடித்து
தொடக்கி என்று எழுதினேன்.

கணக்குப் பார்க்க வந்த கிளீட்டஸ் விரலை அங்கேயே ஊன்றினார்.
"இதென்ன புதுச் சாமான்? நான் கேக்கவே இல்லியே."

ததேயுஸ் அண்ணன் நிமிரவில்லை.
"ஒம்ம வள்ளத்துக்குள்ளதாம் கெடக்கு வேய்.
சொரண்டி எடுத்துத் தாரும்,
கழிச்சித் தாரேன்."