மூடாத இழுப்பறை

செவ்வாய்க்கிழமை ரூரிக்குப் பதினெட்டு.
புதன் காலை எட்டரைக்கு
அவன் கோப்பைப் பச்சை அலமாரியிலிருந்து எடுத்துச்
சாம்பல்நிற அலமாரியில் வைக்க வேண்டும்,
அதுதான் என் வேலை.
நடுவே பதினோரு எட்டு.
எண்ணியிருக்கிறேன்.
ஆளுக்கு அது பதினோரு மாதம்.

பீட்டர்ஹெட்டில் இன்றும் கடல்பனி.
கட்டிக்கிடக்கும் படகுகளின் பெயர்கள்கூடத் தெரியவில்லை.

பதினைந்தில் வந்தான், தூக்கமில்லை என்று.
பிறகு தூக்கத்தை
மீன்சந்தைக்குப் பின்னால் வாங்கப் பழகினான்.
நீல மாத்திரை.
சிப்ஸ் பொட்டலத்தைவிட மலிவு.

மனதுக்கு ஒரு கட்டடம், போதைக்கு ஒரு கட்டடம்.
மாத்திரையை விட்டுவிட்டு வா என்கிறது இது.
மனதைச் சரிசெய்துகொண்டு வா என்கிறது அது.
தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் தெளியும்
என்ற அதே பழைய கணக்கு.
இரண்டுக்கும் இடையே ஓடுகிற பேருந்து
ஆறு மணியோடு நின்றுவிடும்.
ஆறுக்குப் பிறகுதானே
எல்லாமே ஆரம்பிக்கிறது.

'இருமுறை வரத் தவறினால்
தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.'
கடிதம் அம்மா வீட்டுக்குப் போகும்.
அவன் அங்கே இல்லை,
அண்ணனின் வேனில் படுக்கிறான்.
வர முடியாமல் போவதுதானே ஐயா இந்த நோய் என்று
அதை எழுதியவரிடம்
ஒருவரும் சொல்லவில்லை.
எழுதியது நான்.
வெள்ளிக்கிழமைகளில் நாற்பது அச்சடிப்பேன்.

டாவினாவுக்கு இருபத்தாறு.
ஊசியை விட்டு மூன்று வருடம்,
எங்களிடம் சம்பளத்துக்குச் சேர்ந்து மூன்று மாதம்.
கூட்டத்தில் கேட்டாள்:
ஒரே கதவு போதும்,
இரவு பதினொன்று வரை திறந்திருக்கட்டும்,
இருபத்தைந்து வயது வரை யாரையும் அலமாரி மாற்ற வேண்டாம்,
அப்புறம் ரொட்டி வாட்ட ஒரு டோஸ்டர்.
டோஸ்டரைப் பற்றி மட்டும்
நாற்பது நிமிடம் பேசினார்கள்.
எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று.

புதன் காலை எட்டரை.
கோப்பை எடுத்தேன்.
ஐந்து எட்டு வைத்தேன்.
திரும்பி வந்து
என் இழுப்பறையில்,
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
வேலை போகலாம்.
இதை வீரம் என்று சொல்லாதீர்கள்.
போன மார்ச்சில் ஒருத்தி,
ஐல்சா,
ஏழாவது மாதக் காத்திருப்பில்.
அவள் கோப்பு இன்னும் கனக்கிறது.

வியாழன் இரவு.
டாவினா தன் காசில் வாங்கிய டோஸ்டர்
முதல் துண்டைக் கருக்கிக்கொண்டிருந்தது.
கதவைப் பாதி திறந்து நின்றான்.
"போனுக்குச் சார்ஜ் போடத்தான் வந்தேன்."

போடு, என்றேன்.

அறுபத்திரண்டு சதவீதம் ஏறும்வரை
உட்கார்ந்திருந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
கருகியதைச் சுரண்டாமல் தின்றான்.
போகும்போது
சார்ஜரை மறந்துவிட்டுப் போனான்.
விட்டுப் போனான் என்றும் சொல்லலாம்.

இன்றோடு என் இழுப்பறையில்
ஏழு கோப்புகள்.
முழங்காலால் தள்ளினாலும்
மூடுவதில்லை.