நான்காவது அழைப்பு

கடலூர் முதுநகரில்
ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி என் அறை.
கீழே பாளம் உடையும்போதெல்லாம்
மேசையில் டம்ளர் ஒரு விரற்கடை நகரும்.

மூன்று வாரமாக எழுதுகிறேன், அழிக்கிறேன்.
வழியில் நெரிசல் என்றால்
எவ்வளவு அடக்கி அனுப்புவது என்று
கணக்குப் போடுகிறவன் ஒருவன்;
பொட்டலங்களைக் கையில் வைத்திருப்பவன் இன்னொருவன்.
இருவருக்கும் நடுவே ஒரு சன்னல்.
அதற்கு எவ்வளவு அகலம் வைப்பது
என்பதுதான் என் உத்தியோகம்.

முதல் வரைவில் பதினேழு அழைப்புகள்.
மெஹ்ருன்னிசா புனேயிலிருந்து ஒரே வரி எழுதினாள்:
"கணக்குப்பிள்ளைக்கு வீட்டுச் சாவி எதற்கு?"
பதினான்கை வெட்டினேன்.

அனுப்பினேன்.
சேர்ந்தது.
தொலைந்தது.

இவ்வளவு சொன்னால் போதும்.
பதிலுக்கு அவன் ஓர் எண் சொல்வான்,
அதற்கு மேல் ஒரு பொட்டலம் போகாது.
நாளைக்கே அவனை எழுப்பிவிட்டு
வேறொருவனை உட்காரவைத்தாலும்
சன்னல் அப்படியே இருக்கும்.
நன்றாகத்தான் இருந்தது, இரண்டு நாள்.

வியாழக்கிழமை முகத்துவாரத்தில் அலை தூக்கல்.
விடியலில் வரவேண்டிய விசைப்படகு
பத்து மணிக்கும் வரவில்லை.
தொலைந்தது என்று கரையில் யாரும் சொல்லவில்லை.
ஏலக்காரர் அந்தப் பெயரைத் தாண்டி
அடுத்ததைக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.
இளஞ்சியம் கீழே வந்து
எழுதிவைத்த ஐஸில் பாதியை ரத்து செய்தாள்.
என் கணக்குப்பிள்ளையும் இதையேதான் செய்வான்.

பதினொன்றே காலுக்குப் படகு வந்தது.
பெல்ட் அறுந்து,
இன்னொரு படகின் கயிற்றில்,
வயிறு நிறையக் காணாங்கெளுத்தியோடு.
ஐஸ் அதற்குள் வேறு வண்டியில் ஏறியிருந்தது.

"வரலேன்னா என்ன பண்றதுன்னு
எல்லாருக்கும் தெரியுது.
வந்துட்டா என்ன பண்றதுன்னு
ஒருத்தனாவது எழுதி வெச்சிருக்கீங்களாடா?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஆனாலும் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

எங்கள் வழியிலும் அப்படித்தான்,
தொலைந்ததென்று எவரும் வந்து சொல்வதில்லை.
பின்னால் போனவை சேர்ந்து
முன்னால் போனது சேராதபோது
நாமாகக் கட்டுகிற முடிவு.

மூன்றாவதன் பெயரை மாற்றினேன்:
தொலைந்ததென நினைக்கிறேன்.
அதன் கீழே நான்காவது:
நினைத்தது தப்பு, வந்துவிட்டது.

இரவு மெஹ்ருன்னிசாவிடமிருந்து ஒரு வரி:
"சரி. பாதியாக்குமுன் இருந்த எண்ணை
யார் நினைவில் வைப்பது, அவனா நாமா?"

இன்னும் பதில் அனுப்பவில்லை.
கீழே அவசரத்துக்கு உடைக்கிறார்கள்.
டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.