ஒரு லாரி விறகு

இனி போனிலும் குலுக்கல் சீட்டு விற்கலாம் என்று
சட்டம் திருத்திய வாரம்
தீயணைப்புக் கொட்டகையில் எல்லோருக்கும்
காபி ஊற்றினாள் வெர்னா பூட்டிலியர்,
கொஞ்சம் முகம் கொடுக்காமல்.

மூன்று குளிர்காலமாக
வெளியூர் போன பிள்ளைகளுக்கு மெசேஜில் எண் அனுப்பி
துண்டுச்சீட்டைத் தானே பிஸ்கட் டப்பாவில் போட்டவள்.
அது குற்றமாயிருந்தது என்பதை
புதுப் படிவத்தின் ஆறாம் பக்கத்தில்தான் படித்தாள்.

"ஹோஸ் ஒழுகுகிறதே,
அது எத்தனையாம் பக்கம்?" என்றான் ஏங்கஸ்.
யாரும் சிரிக்கவில்லை.
மார்ச்சில் எரிந்த வீட்டின் வாடை
இன்னும் கோட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

காகிதத்தில் இருநூறு போகும்;
போனில் தொள்ளாயிரம் போயிற்று.
ஹோஸ் வந்துவிடும்.

பரிசு, பிளந்து காய்ந்த ஒரு லாரி விறகு.
எண் விழுந்ததோ
ஹாலிஃபாக்ஸில், பதினான்காம் மாடியில்.
அடுப்பில்லை, புகைபோக்கியில்லை,
கொட்டிவைக்க முழம் மண்ணில்லை.
எங்கள் ஊர்ப்பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டாள் அந்தப் பெண்.
பிறகு,
அங்கே யாருக்குக் குளிர்கிறது என்று.

அன்றிரவே லாரி கிளம்பியது,
விளக்கைப் போடாமல்.

'பரிசு வழங்கப்பட்டதா?'
கட்டத்தில் ஆம் என்று எழுதினாள் வெர்னா.
யாருக்கு என்று கேட்க
சட்டத்துக்கு இன்னும் தோன்றவில்லை.