எப்பவாவது

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்.
புகைப்பழக்கம்: ஆம். இல்லை.
எப்பவாவது என்பதற்குக் கட்டம் கிடையாது.
இல்லையில் டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை. நூலில் கட்டிய பேனா.
அதே இடத்தில் மூன்று தடவை அழுத்தினேன்,
ஒரு பொய்க்கு மூன்று டிக்.

டோல்கேட் பக்கம், மெட்ரோ தூணுக்கு எதிரே,
மாடியில் இருக்கிறது லேப்.
மணலி கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள்.
ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம்,
அப்புறம் ஒரு குழாயில் ஊத வேண்டுமாம்.

காத்திருந்த நேரத்தில் கணக்குப் போட்டேன்.
முதலாவது, கடைசி அரியர் முடிந்த சாயங்காலம்,
பாலத்துக்கடியில், தேசப்பனோடு பாதி பாதி.
பிறகு மழை வந்தால் ஒன்று.
சித்தப்பா சாவுக்கு நாலு,
அழுகை வராததால்.
அவள் பேசாமல் இருந்தால்,
அவள் பேசிவிட்டால்.
பாக்கெட்டாக வாங்கியதே இல்லை.
சில்லறையாக வாங்குகிறவனுக்கு
வியாதியும் சில்லறையாகத்தான் வரும் என்று
ஒரு நினைப்பு.

நாலு வருஷத்தில் நூற்று முப்பத்தொன்று.
ஒன்றுக்குப் பதினோரு நிமிஷம் ஆயுசு குறையும் என்று
எங்கேயோ படித்தது
ராத்திரி மூன்று மணிக்கு வந்து பக்கத்தில் உட்காரும்.
பெருக்கினால் ஒரு நாள், ஒரு நிமிஷம்.
எந்த நாளை எடுத்துக்கொள்வார்கள்?
திங்கட்கிழமை என்றால் கொடுத்துவிடலாம்.
அந்த ஒரு நிமிஷம்தான் உறுத்துகிறது.

தை மாதம் முழுக்க இருமல்.
போகிக்கு யாரோ எரித்த டயரா,
கொடுங்கையூர்க் குப்பைமேடா,
ஊர் அடங்கினபின் மணலியிலிருந்து வரும் அந்த வாடையா,
நானா.
மாடியில் காய்ந்த துணியை
அம்மா உதறித்தான் மடிப்பாள். கறுப்புப் பொடி விழும்.
"எல்லாம் இந்தக் காத்துதான்டா" என்பாள்.
ஆமாம்மா என்பேன்,
வாயில் ஏலக்காயோடு.
காற்றின்மேல் பழிபோட இங்கே
சாட்சிக்குப் பஞ்சமில்லை.
அதனால்தான் எனக்கு என்மேல் சந்தேகம்.

"எபினேசர்!"
சட்டையைக் கழற்றச் சொன்னார் அந்த அக்கா.
சில்லென்ற பலகையில் மோவாயை வைத்தேன்.
"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே தம் கட்டுங்க."
தம்.
அடிப்பதும் அதுதான், கட்டுவதும் அதுதான்.
இருபத்தைந்து வயசுவரை
இரண்டும் ஒரே சொல் என்று கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த அறையில் குழாய்.
"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க,
இன்னும், இன்னும்..."
இத்தனை ஆசையாய் ஒருவரும் என்னை
ஊதச் சொன்னதில்லை,
தேசப்பனைத் தவிர.
திரையில் ஒரு கோடு ஏறி, வளைந்து, சரிந்தது.
நல்லதா கெட்டதா என்றேன்.
"டாக்டர் சொல்வார்."
அவர் முகத்தைப் படித்துப் பார்த்தேன்.
பசி என்று மட்டும் எழுதியிருந்தது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
விலா எலும்புகளுக்குப் பின்னே
இரண்டு பக்கமும் கறுப்பு.
கைகால் வெலவெலத்துப் போயிற்று.
"அது கறுப்பாத்தாம்பா இருக்கணும்,
கறுப்பு இருந்தா காத்து இருக்குன்னு அர்த்தம்.
வெள்ளையா எதுனா தெரிஞ்சாத்தான் பயப்படணும்."
சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தார்.
அதன்பிறகு படம் முழுக்க
வெள்ளை தேடினேன்.

கீழே தேசப்பன், பைக்கில் சாய்ந்து,
இரண்டு வாங்கி வைத்திருந்தான்.
"இன்னாச்சி?"
செவ்வாய்க்கிழமை சொல்வாங்க.
"அப்ப செவ்வா வரைக்கும் ஒண்ணுமில்ல" என்று
ஒன்றை நீட்டினான்.
வாங்கி மேல்பாக்கெட்டில் போட்டேன்.
பற்றவைக்கவில்லை. தூக்கியும் போடவில்லை.
பாக்கெட்டில் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதா
என்பது தெரியவில்லை.

எக்ஸ்பிரஸ் ரோட்டில்
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள்
எஞ்சின் அணைக்காமல் வரிசையாய் நின்றன.
பைக்கின் பின்னால் உட்கார்ந்து
நெஞ்சுநிறைய இழுத்துத் தம் கட்டினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஏழாவது கன்டெய்னரில் விட்டுவிட்டேன்.
வரிசை எண்ணூர்வரைக்கும் இருந்தது.