இடப்பக்கம் அடுத்த வீடு

பியுந்தசாவுக்குக் கிழக்கே பதினோரு மைல்.
பட்டியலில் வீட்டு எண் 212.
பூட்டு.
விதிமுறை ஏடு, பக்கம் ஆறு:
ஆளில்லாத வீட்டுக்குப் பதிலாக
இடப்பக்கம் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்க.
அதுவும் பூட்டு.
அதற்கடுத்தது குளம்.

வாத்து ஓட்டிக்கொண்டிருந்த பையன்
மகாசாய் என்றான்,
ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி.
எல்லை தாண்டி இறால் உரிக்கப் போனவர்கள்.
ரங்கூனில் உட்கார்ந்து எண்களைக் குலுக்கி எடுத்தவர்கள்
குளங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குளத்துக்கு அப்பால் ஒரு கதவு திறந்திருந்தது.
அடையாள அட்டையில் டோ மியா யின்,
கோயில் வரிப் புத்தகத்தில் ஆவுடையம்மா.
எந்தப் பெயரை எழுத என்றேன்.
"கடன் எந்தப் பேருல இருக்கோ அந்தப் பேர."

கேள்வி பன்னிரண்டு: நிலம் சொந்தமா, குத்தகையா?
"நாலரை ஏக்கர் என்னுது.
மூணு ஏக்கர் கொழுந்தன் சன்னாசியுது.
சொந்தமுமில்ல, குத்தகையுமில்ல.
அவன் வர்ற வரைக்கும்
புல்லு மொளைக்காமப் பாத்துக்கறேன்."
அதற்கு ஒரு கட்டம் இல்லை.
'மற்றவை' என்று குறித்தேன்.
மற்றவைக்குள் எத்தனை ஏக்கர் கிடக்கிறதோ
இந்த நாட்டில்.

கேள்வி இருபத்தேழு:
அறுவடையான வாரமே விற்றது ஏன்?
ஒன்று, கடன். இரண்டு, வைக்க இடமில்லை.
மூன்று, விலை இறங்கும் என்ற அச்சம்.
ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.
சிரித்துவிட்டாள்.
"மூணும் ஒரே ஆளு தம்பி. ஊ டன் சேன்.
கடன் குடுத்தவனும் அவன்,
கிட்டங்கி வச்சிருக்கவனும் அவன்,
நாளைக்கு வெல விழுந்துரும்னு
போன் போட்டுச் சொல்றவனும் அவன்."

போன மாசியில் கூடை முப்பத்தெட்டாயிரம் கியாட்.
இந்த மாசியில் பதினைந்து.
இடையில் பூச்சி விழவில்லை, பனி பிசகவில்லை.
டில்லியில் யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்,
பர்மா உளுந்து இனி இவ்வளவுதான் என்று.
"ஏன், அங்க எல்லாரும்
இட்லி திங்கறத நிறுத்திட்டாங்களா?"
நான் இந்தியாவைப் பார்த்ததில்லை.
பார்த்தவன் மாதிரி, இல்லை என்றேன்.

ஐம்பதாவது கேள்வியை அவள் கேட்டாள்.
"ஒரு தாளு நெரப்புனா ஒனக்கு எவ்வளவு?"
ஐயாயிரம்.
விரலை மடக்கினாள்.
"மூணு தாளு, ஒரு கூடை.
ஒன் வெள்ளாமைக்கு மருந்தடிக்க வேணாம்."
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"சன்னாசி வீட்டுக்கும் நானே சொல்றேன், எழுதிக்க.
எத்தன உசுரு, என்ன சாப்பாடு, எல்லாம் தெரியும்.
பூட்டுச் சாவியே எங்கிட்டத்தான் இருக்கு."

எழுதவில்லை.
நல்லவன் என்பதால் அல்ல.
போன மாதம் தனாப்பின் பக்கம் ஒருத்தன்
மரத்தடியில் உட்கார்ந்தே பதினான்கு வீடு எழுதி
மாட்டிக்கொண்டான்.
எல்லா வீட்டிலும் இலாபமாம்.

விதை, உழவு, மருந்து, காய் பறிக்கும் கூலி,
வட்டி, வட்டிக்கு வட்டி.
கூட்டிக் கழித்ததில் கடைசிக் கட்டத்தில்
கழித்தல் 1,82,500.
நான் காட்டவில்லை. அவள் கேட்கவுமில்லை.
எனக்கு முன்பே தெரிந்த முகம்தான் அது.

கிளம்பும்போது ஒரு வீசை உளுந்து,
பழைய செய்தித்தாளில் பொட்டலம்.
அன்பளிப்பு வாங்கக் கூடாது, பக்கம் ஒன்பது.
வாங்கிக்கொண்டேன்.

நியாவுங்லேபின் தேநீர்க்கடையில்
படிவத்தை மறுபடி விரித்தேன்.
இதர செலவு:
வந்தவனுக்குக் கொடுத்தது, 750.
இப்போது கழித்தல் 1,83,250.

இது பயிர்ச் செலவில் வராது என்று
தலைமையகத்தில் கோ நை லின்
சிவப்பு மையால் அந்த வரியை அடிப்பார்.
அடிக்கட்டும்.
உளுந்தை அன்றிரவே ஊறப்போட்டேன்.